மருந்தைத் தின்று வளர்ந்த கிருமி

என் ரேணுக்கா,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். இந்தக் கடிதத்தில் அதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் இரண்டு நாள் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் உங்கள் நினைவாக ஒரு சிறு மலர் போடுகிறார்கள். ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்காதுங்களே என்றேன். "அடங்கறவரைக்கும் எழுதுங்கக்கா" என்று விட்டுவிட்டார்கள்.

படிக்கிறவர்களில் உங்களைப் பார்த்திராதவர்களும் இருப்பார்கள். அதனால் உங்களுக்கே தெரிந்ததை உங்களிடமே சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று கடைசியில் இருக்கிறது.

என் மகள் கவிதாவுக்குத் தலசீமியா. பிறந்த எட்டாம் மாதம் கண்டுபிடித்தார்கள். அவள் உடம்பு செய்கிற ரத்தம் அவளுக்கே போதாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேறு யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையோடும் இரும்பும் உள்ளே போகும். உள்ளே போன இரும்பு தானாக வெளியே வராது. ஈரலிலும் இருதயத்திலும் போய்த் தங்கிவிடும்.

அந்த இரும்பை எடுக்க ஒரு மருந்து. பெயர் டெஸ்ஃபெரியாக்சமின். வாயில் வராத அந்தப் பெயரைக் கவிதா நாலு வயதிலேயே சரியாகச் சொல்வாள். சின்னப் பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டி, அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசியைச் சொருகி, பொழுது சாய்ந்ததும் ஓடவிட்டால் விடியும்வரை சொட்டுச் சொட்டாக இறங்கும். வாரத்துக்கு ஆறு நாள். காலையில் அவள் சிறுநீர் செந்நிறமாகப் போகும். அதைப் பார்த்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். இரும்பு வெளியே போகிறதென்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் துடியலூரில் மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். "நாள் பூரா இரும்புல கெடந்துட்டு ஊட்டுக்கு வந்தா, ஊட்டுலயும் இரும்பு நாயந்தான் பேசறோம்" என்பார். சொல்லிவிட்டு அவரே மருந்துப் புட்டியைக் குலுக்கிக் கரைத்துத் தருவார். நான் ஊசி குத்துவேன். மெட்ராசில் பார்த்த ரத்த நோய் டாக்டர் எங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஒரு நாள்கூட விடக்கூடாது. கல்யாணத்துக்குப் போனாலும், நோம்பி, பண்டிகை நாளானாலும் பெட்டி எங்களோடு வந்தது.

கவிதாவுக்கு ஒன்பது வயது நடந்தபோது, ஒரு மார்கழியில், காய்ச்சல் வந்தது. மூன்று நாள் பக்கத்து டாக்டரிடம் மருந்து வாங்கினோம். நாலாம் நாள் வலதுபக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஊரிலிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்து உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் ஊசி மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை. அறுவை டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் குடல்வால் வீங்கியிருக்கிறது, அறுத்து எடுத்துவிடலாம் என்றார்.

உங்களை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். கீழ்த்தள ஆய்வகத்தில் இருப்பவர்கள் வார்டுக்கு வருவதே இல்லை என்று நர்ஸ் பிற்பாடு சொன்னாள். குள்ளமாக, தடித்த கண்ணாடி, இறுகப் பின்னிய சடை, கைத்தறிச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. படியேறி வந்ததில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. அறுவை டாக்டரிடம் போய் நின்று, யாரோ ஒருவர் வீட்டில் முகவரி விசாரிப்பதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசினீர்கள்.

"ஒரு நாள் குடுங்க சார். ரத்தத்துல கிருமி வளருது. இது குடல்வாலா இருக்காதுங்கன்னு தோணுது. குடல்வால் மாதிரியே வலிக்க வெக்கிற கிருமி ஒண்ணு இருக்குது."

"தோணுதுங்கறீங்க. அதுக்குள்ள பொத்துக்கிட்டா யார் பதில் சொல்றது?"

"நாஞ் சொல்றேனுங்க சார்."

அவர் உங்களை ஒரு நிமிடம் பார்த்தார். நாளை காலை வரைதான் என்று சொல்லிப் போய்விட்டார். கவிதாவின் ரத்தத்தில் இருந்த கிருமியை வளரவிட்ட கண்ணாடித் தட்டைப் பற்றி உங்கள் உதவியாளர் முருகேசன் எனக்குப் பிறகு சொன்னார். முதல் நாள், கிருமி வளர்க்கிற சூட்டுப்பெட்டியில் ஊசிமுனையளவுக்குச் சில புள்ளிகள்தான் இருந்தனவாம். "காத்துல வந்து உளுந்ததா இருக்குமுங்க, கொட்டிப்போடட்டுங்களா" என்று கேட்டாராம். வேண்டாம் என்று அதிலிருந்து தொட்டு இன்னொரு தட்டில் தடவி அதை மேசைமேலேயே வைத்தீர்களாம். மார்கழிக் குளிரில், வெளியே, அந்தப் புள்ளிகள் நன்றாகப் பெருத்துவிட்டன. குளிரை விரும்புகிற கிருமி. யெர்சினியா என்று அதன் பெயரை நீங்கள் எனக்கு எழுதிக் காட்டியது அப்புறம்.

அறுவை டாக்டர் போனதும் வார்டில் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். கவிதாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங் கண்ணு, வலிக்குதுங்களா?" என்று அவளுக்கும் மரியாதை போட்டுக் கேட்டீர்கள். பிறகு அவள் இடுப்புப் பெட்டியைப் பார்த்தீர்கள்.

"அம்மணி, இந்த மருந்தை இன்னைக்குப் போட வேண்டாமுங்க. காய்ச்சல் நிக்கிற வரைக்கும் வேண்டாம்."

"ஒரு நாள்கூட உடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"மத்த நாளெல்லாம் அதுதான் சரிங்க. ஆனா இந்தக் கிருமிக்கு இந்த மருந்து உதவி பண்ணுது. அதை வளர்த்து உடுது. நானே நேர்ல வந்து சொல்றேன், கேட்டுக்குங்க. போட வேண்டாம்."

சரிங்க என்று தலையாட்டினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "மறந்துபோடாதீங்க, அம்மணி" என்று மறுபடியும் சொன்னீர்கள். மறுபடியும் தலையாட்டினேன்.

இந்த இடத்தைத்தான் நான் ஆறேழு வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் பொழுதோடு, என் வீட்டுக்காரர் சாப்பிடப் போன நேரம், போர்வைக்குள் கையை விட்டு நான் அந்த ஊசியைக் குத்தினேன். நீங்கள் யார், எங்கள் டாக்டரா? கீழே தட்டும் குப்பியும் கழுவுகிற இடத்திலிருந்து வந்தவர். வார்டு டாக்டர் இன்னும் எதுவும் எழுதவில்லை. ஐந்து வருடமாக ஒரு நாள் விடாமல் இறக்கிய இரும்பு, விட்டால் ஏறிக்கொள்ளுமே என்ற பயம். மருந்து போய்க் கிருமியை வளர்க்குமா? அப்படி ஒன்றை யாராவது கேட்டதுண்டா?

விடிகாலையில் கவிதாவுக்குக் குளிர் நடுக்கம் கட்டிலையே ஆட்டியது. கை கால் சில்லிட்டுப் போனது. நாடி கிடைக்கவில்லை என்று நர்ஸ் ஓடினாள். நான்கைந்து பேர் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு அவள் பாதம் மட்டும்தான் தெரிந்தது.

நீங்கள் வந்தபோது பெட்டியை நான் ஏற்கெனவே கழற்றிப் பைக்குள் ஒளித்திருந்தேன். ஆனால் வயிற்றில் சிவப்பாக ஊசித் தடம் இருந்தது. அதைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க? எவ்வளவு உள்ள போச்சு?"

சொன்னேன். கோட்டுப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள். அப்போது வார்டின் பெரிய டாக்டர் வந்தார். நீங்கள் அவரிடம் சொன்னது எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"நேத்துப் பொழுதோட மருந்து உள்ள போயிருக்குதுங்க சார். நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குப் புரியற மாதிரி நான் சொல்லலை. என் தப்புங்க."

அவர் உங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். உங்கள் வேலை என்ன, என் நோயாளியிடம் என் உத்தரவு இல்லாமல் பேச நீங்கள் யார் என்று அவர் கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது. நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். நான் என்ன செய்தேன்? இரண்டு தடவை தெளிவாகச் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்று ஓடிப்போய்ச் சொன்னேனா? வாயைத் திறக்கவில்லை, அக்கா. முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். திட்டு வாங்கி முடித்துவிட்டு, எந்தெந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்குகிறது என்று நீங்கள் தட்டில் பார்த்து வைத்திருந்த பட்டியலை அவர் கையில் கொடுத்தீர்கள். அவரும் நல்ல மனிதர்தான். கோபத்தோடு வாங்கிப் படித்தார். உடனே மருந்தை மாற்றினார். பெட்டிக்குத் தடை என்று பெரிய எழுத்தில் எழுதினார். அறுவை வேண்டாமென்று ஆனது.

அந்தப் பெரிய டாக்டரும் இந்த மலரைப் படிக்கலாம். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் கவிதா தயிர்ச்சோறு கேட்டாள். அன்று மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் எனக்குச் சொன்ன பாடத்தை இன்றும் அப்படியே ஒப்பிப்பேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

"ரத்தத்துல டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரதம் இருக்குதுங்க. இரும்பு எங்க இருந்தாலும் கெட்டியாப் புடிச்சு வெச்சுக்கும். வேணுங்கற எடத்துல மட்டும் எறக்கி உடும். ஏன் அப்படிங்கறீங்க? கிருமிக்கும் இரும்பு வேணும். இரும்பு இல்லாம அதால பெருக முடியாது. அதனால உடம்பு அதை வெளிய கெடக்க உடறதில்லை."

"அப்ப கிருமி என்னுங்க பண்ணும்?"

"சும்மா இருக்குமுங்களா? பொடிசா ஒரு கொக்கியைச் செஞ்சு வெளிய அனுப்பும். அது இரும்பை மாட்டிட்டுத் திரும்பி வரும். கிருமியோட மேல்தோல்ல ஒரு புரதம் இருக்குது, கதவு மாதிரி. அந்தக் கொக்கி வந்தாத்தான் தெறக்கும். உள்ள இன்னொரு புரதம் நின்னு அதை வாங்கி, உள்கதவுல கொண்டுபோய்க் குடுக்கும். இரும்பு உள்ள போயிரும்."

பிறகு என் பையைக் காட்டினீர்கள். "நீங்க போடற மருந்து இருக்குதுங்களே, அதுவும் அப்படி ஒரு கொக்கிதான். மண்ணுல இருக்கற ஏதோ ஒரு கிருமி தனக்குன்னு செஞ்சுகிட்டது. மனுசன் அதை எடுத்து மருந்தாக்கிப்போட்டான். கவிதா உடம்புல பூந்ததுக்கு இந்தக் கொக்கியைச் செய்யத் தெரியாது. ஆனா அது உள்ள வர்றதுக்குக் கதவு மட்டும் வெச்சிருக்குது. நீங்க கொக்கியைக் குடுத்தீங்க. இரும்பு இவ உடம்புல ஏற்கெனவே தேவைக்கு மேல எச்சா இருக்குது. அது பாட்டுக்குத் தின்னுச்சு. எத்தனை கெட்டிக்காரத்தனம் பாருங்."

உங்கள் முகம் அப்போது மலர்ந்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என் புள்ளையைக் கொல்லப் பாத்ததைக் கெட்டிக்காரிங்கறீங்களே."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "தப்புத்தானுங்க. ஆனா அது கெட்டிக்காரின்னு ஒத்துக்கிட்டாத்தான் அதைப் புடிக்க முடியுமுங்க அம்மணி. காத்துல வந்து உளுந்ததுன்னு நெனச்சிருந்தா கொட்டியிருப்போம்."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் என்னைக் கீழே ஆய்வகத்துக்குக் கூப்பிட்டீர்கள். ஸ்பிரிட் வாடையும் கம்பி சுட்ட வாடையும் கலந்த அறை. வட்டக் கண்ணாடித் தட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தீர்கள். கிருமிக்கு இரும்பு கிடைக்காதபடி அந்தத் தட்டில் ஒரு ரசாயனத்தைக் கலந்திருந்தீர்கள். அதன்மேல் கவிதாவின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைத் தடவி, பொட்டளவு காகிதத் துண்டுகள் இரண்டை வைத்திருந்தீர்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் நான் கொண்டுவந்திருந்த புட்டியில் மிச்சமிருந்த மருந்து.

தண்ணீர்ப் பொட்டைச் சுற்றி ஒன்றுமில்லை. தட்டு முழுக்கவே வெறுமைதான். மருந்துப் பொட்டைச் சுற்றி மட்டும் வெண்மையாக, தடிப்பாக, மோதிரம்போலக் கிருமி வளர்ந்திருந்தது.

நான் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுதேனா என்று நினைவில்லை. கேட்டது நினைவிருக்கிறது. "நாந்தான் ஊட்டி வளத்தேனுங்களா?"

"அந்த ஒரு நாள் ஊசியாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. உடம்புல முன்னாடி போட்ட மருந்தும் இருந்திருக்கும். காய்ச்சல் தானாவே எச்சாயிருந்தாலும் இருக்கும். தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது." தட்டை மூடி வைத்துவிட்டு, "இனிமேல் தெரியுமுல்லங்க" என்றீர்கள். அதற்குமேல் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. கடைசி நாள்வரை.

கவிதா வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மொபெட் துடியலூர் வந்து நின்றது. பின்னால் பெட்டி நிறையக் குப்பிகள். இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், பால்காரர் ஊற்றிய பால், பக்கத்து வீட்டு மாட்டுச் சாணம் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, "சாணியை எதுக்குங்க புட்டியில அடைக்கறீங்க" என்று கேட்க, அவருக்கும் உட்கார்ந்து டிரான்ஸ்ஃபெரின் பாடம் நடத்தினீர்கள். மூன்று வாரம் குளிர்பெட்டியில் வைத்து வைத்துப் பார்த்தீர்கள். எதிலும் கிடைக்கவில்லை. "தெரியலைன்னே எழுதிட்டேன்" என்று வந்து சொன்னீர்கள். அதைச் சொல்வதில் உங்களுக்கு வெட்கமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். உங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டீர்கள், அண்ணன் குடும்பத்தோடு பீளமேட்டில் இருக்கிறீர்கள் என்றெல்லாம் அன்றுதான் தெரிந்தது. எனக்கும் உங்களுக்கும் நாலே வயதுதான் வித்தியாசம். அன்றிலிருந்து அக்கா.

ரத்தம் ஏற்றுகிற நாளில் ஆஸ்பத்திரியில் எங்களைப்போலப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடும். அவர்களுக்கெல்லாம் இது தெரிய வேண்டும் என்றீர்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். முதலாளியிடம் கேட்டு, கையடக்கமாக ஒரு அட்டை அடித்தேன். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் ஊசியை நிறுத்துங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இரண்டே வரி. படித்துப் பார்த்து, "ஏன்னு ஒரு வரி சேருங்க அம்மணி. ஏன்னு தெரியாம எந்தத் தாயும் நிறுத்த மாட்டா" என்றீர்கள். என்னை வைத்துத்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் குரலில் அந்தக் குத்தல் துளியும் இல்லை.

பெரிய டாக்டர் ஒரு வருடம் கழித்து அந்த அட்டையை வார்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். உங்களிடம் வந்து, அன்றைக்கு நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது என்றாராம். நீங்கள், "எந்த அன்னைக்குங்க சார்?" என்று கேட்டீர்களாம். முருகேசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உங்களுக்கு மார்பில் கட்டி வந்ததை எங்களிடம் நீங்கள் சொல்லவே இல்லை. மருந்தில் முடி கொட்டி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் பார்க்க வந்த அன்றும் நீங்கள் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. மடியில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றின் நகல் இருந்தது. "மல்லிகா, இங்க வாங்க" என்று என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தீர்கள்.

சில கிருமிகள் கொக்கிகூட அனுப்புவதில்லை, நம் டிரான்ஸ்ஃபெரினையே பிடித்து அதன் வாயிலிருந்து இரும்பைப் பிடுங்கிக்கொள்ளும் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். அதுவும் மனுசனுடையதை மட்டும்தான் பிடிக்கும், மாட்டினுடையதைத் தொடாது என்று. அப்படிப்பட்ட ஒரு கிருமிக்குள்ளே இரும்பை வாங்கிக்கொள்கிற புரதம் ஒன்றின் படம் அந்தத் தாளில் இருந்தது. பக்கத்தில் நம்முடைய டிரான்ஸ்ஃபெரினின் பாதி. இரண்டும் நாடாவைச் சுருட்டிச் சுருட்டி வைத்ததுபோல இருந்தன. இரண்டிலும் நடுவில் ஒரு பிளவு, அதில் இரும்பு.

"ரண்டும் ஒரே மாதிரி புடிச்சிருக்குது பாத்தீங்களா? உள்ளங்கை ரண்டையும் மூடற மாதிரி. நம்மளுது அதைப் பாத்துச் செய்யலை, அது நம்மளுதைப் பாத்துச் செய்யலை. இரும்பைப் புடிக்கறதுக்கு அதுதான் வழின்னு ரண்டும் தனித்தனியா வந்து சேந்திருக்கும்போல."

"வலிக்குதுங்களாக்கா?" என்று நான் கேட்டேன்.

"வலிக்குது. செத்த இருங்க, இந்தப் பக்கத்தைப் பாத்துப்போட்டுப் போலாம்."

மூன்று மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் அண்ணன் வீட்டு வாசலில் முருகேசன் அழுதமாதிரி வேறு யாரும் அழவில்லை. நான் கவிதாவைக் கூட்டி வந்திருந்தேன். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவள் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

இனி சேதி. கவிதா பிளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் கம்மிதான். அறிவியல் எடுப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வணிகவியல் எடுத்திருக்கிறாள். ஊசியோடு இருந்தது போதும்மா என்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். இரும்பை எடுக்க இப்போது வாயில் விழுங்குகிற மாத்திரை வந்திருக்கிறது. சில பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கவிதாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். மேசைமேல் இன்னொரு தட்டு வைக்கிற பழக்கத்தை முருகேசன் விடவில்லை.

போன வாரம் ஜோதி என்று ஒரு பெண் அச்சகத்துக்குப் போன் செய்தாள். அவிநாசியிலிருந்து. அவளுடைய ஆறு வயது மகளுக்கும் கவிதாவுக்கு இருப்பதுதான். ரத்தம் ஏற்றுகிற நாளில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அட்டை கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, மத்தியானத்திலிருந்து கொதிக்குது. வயிறு வலிங்கறா. அட்டையில நிறுத்தச் சொல்லியிருக்குது. ஆனா ஒரு நாள் உட்டா ஏறிக்குமுங்களே. பெட்டியை இடுப்புல கட்டிட்டேனுங்க. இன்னைக்கு மட்டும் போட்டுட்டு காலையில கூட்டிட்டு வாரேனே?"

அட்டையில் இருப்பதைச் சொன்னேன். காரணம் சொன்னேன். கொக்கி, கதவு, எல்லாம். ஆமாங்க ஆமாங்க என்றாள். அந்த ஆமாங்கவை எனக்குத் தெரியும். நான் உங்களுக்குத் தலையாட்டினேனே, அதே ஆமாங்க. அவள் போட்டுவிடுவாள்.

அச்சு ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், பக்கத்தில் ஆட்கள் நிற்க, நான் சொன்னேன். "ஜோதி, என்கிட்டயும் ஒருத்தங்க ரண்டு தடவை வந்து சொன்னாங்க. நான் கேக்காம ஒளிச்சு வெச்சுப் போட்டேன். விடியறப்ப எம் புள்ளைக்கு நாடி இல்லை. எனக்காக அவங்க திட்டு வாங்கினாங்க. நான் பாத்துட்டு நின்னேன்."

அந்தப் பக்கம் அவள் போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பெட்டியைக் கழட்டிட்டேனுங்கக்கா. அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்" என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். முருகேசன் இரண்டு தட்டும் வைத்தார். ஐந்து நாள் பார்த்தார். ஒன்றும் வளரவில்லை. ஏதோ சாதாரணக் காய்ச்சல், தானாக வந்து தானாகப் போய்விட்டது. "உங்க பேச்சைக் கேட்டு அஞ்சு நாள் மருந்தை உட்டுட்டேனே அக்கா" என்று ஜோதி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இத்தனை வருடம் அட்டையைக் கொடுத்தேன், காரணத்தைச் சொன்னேன், என்னைச் சொல்லவில்லை. என் பெயரைக் காப்பாற்றத்தான் நீங்கள் அன்று பழியை வாங்கிக்கொண்டீர்கள் என்று நினைத்து அதையே சாக்காக்கிக்கொண்டேன். இனி அப்படி இல்லை, அக்கா. புதிதாக ஒரு தாய் அந்த வார்டில் வந்து உட்கார்ந்தால், அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். நான் செய்ததை முதலில் சொல்வேன். நீங்கள் செய்ததை அடுத்துச் சொல்வேன். அட்டையை அதற்குப் பிறகுதான் கையில் கொடுப்பேன்.

என்றும் உங்கள் தங்கச்சி,
கவிதாவின் அம்மா மல்லிகா
துடியலூர்